கோயில் வாசல் வரை

சந்தாபுரா,
2 நவம்பர் 2025

அன்புள்ள முனிகிருஷ்ணனுக்கு,

சிவசங்கரன் எழுதுகிறேன். புனேயில் நீயும் கிரணும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி காந்தாவுக்குப் போன மாதம் உடம்புக்கு முடியாமல் போய், இப்போது தேறி வருகிறாள். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ ஊரைவிட்டுப் போன இந்த ஏழு மாதத்தில் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உனக்கே தெரியும். நீ எடுக்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை. உன் மகனிடம் கேட்டு விலாசம் வாங்கினேன். கடிதமென்றால் வேண்டாதபோது மடித்து வைத்துவிடலாம், மனசு வந்தால் எடுத்துப் படிக்கலாம்.

பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஷிப்ட் முடிந்து நாம் இரண்டு பேரும் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போன ரோட்டுக்கு மேலே இப்போது ஏசியில் உட்கார்ந்து போகிறேன். நம் கம்பெனி ஷெட்டை இடித்து குடோன் கட்டுகிறார்கள். டீக்கடை மட்டும் இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிறது. கடைக்காரர் உன்னை விசாரித்தார். மகன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். எப்போது வருவான் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அந்தக் கடையில் வைத்துத்தானே உன்னை மாற்ற ஆரம்பித்தேன். லேத் மெஷின்மேல் ஒரு முருகன் படம் ஒட்டியிருப்பாய். சுவிட்ச் போடுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். நான் சிரிப்பேன். "பேருலயே சாமிய வெச்சிக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். நான் விடவில்லை. நான்கு வருஷம். "கொழந்தை நடக்கக் கத்துக்கிட்டா நடவண்டிய விட்டுடுது, மனுசன் மட்டும் ஏன்யா சாமிய விடமாட்டேங்கிறான்?" நம் ஞாயிற்றுக்கிழமைப் பகுத்தறிவுக் கூட்டங்களில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அந்தக் கைதட்டல் ரொம்பப் பிடிக்கும் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் நீ மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தா, போதுமா?" என்றாய். அந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "போதுமா" என்று நீ கேட்டதில் இருந்த சலிப்பு அன்றைக்கு என் காதில் ஏறவில்லை.

அந்தக் கயிறு யார் கட்டியது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. போன வாரம்தான் காந்தா சொன்னாள். மஞ்சள் காமாலையில் நீ ஒரு மாதம் படுத்திருந்தபோது உன் மனைவியாக வந்து எனக்குத் தங்கச்சியான ரத்தினம்மாள் வேண்டிக்கொண்டு கட்டியதாம். வெறும் கையோடு வீட்டுக்குப் போனவன் அறுந்துவிட்டது என்று பொய் சொன்னாயாம். அவள் மறுபடி ஒன்று கட்ட வந்தபோது கையை இழுத்துக்கொண்டாயாம். அதோடு அவள் உன்னிடம் சாமி பேச்சையே விட்டுவிட்டாளாம். கிருத்திகைக்குக் கிருத்திகை காந்தாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியும். உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் போனாள் என்பது தெரியாது.

போன மார்கழியைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் பத்தாவது நாள் அது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நீ வார்டிலிருந்து வெளியே வந்து, படிக்கட்டுப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னாய்: "ஒரு தடவ பக்கத்துல உக்காந்து முருகான்னு சொல்லுங்க. இத்தனை வருசமா நான் தனியாவே சொல்லிட்டிருக்கேன்." சொல்லிவிட்டு, "என்னடா பண்றது சிவா?" என்று கேட்டாய்.

முனி, நீ என்னிடம் அனுமதி கேட்டாய். எனக்கு அது அப்போது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்: "முப்பது வருசம் நடந்து வந்தாச்சு. இப்பப் பயத்துல திரும்பாதே. நம்பாததைச் சொல்றது அவங்கள ஏமாத்துறதுதான்." நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாய். என்ன சொன்னாய், ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா என்று நான் கேட்டதில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதோடும் நான் நிற்கவில்லை. அவளுடைய தம்பி தேங்காயும் சூடமும் கொண்டு வந்தபோது நான்தான் குறுக்கே நின்றேன். கணவர் விருப்பம் இல்லை என்று உன்னைக் கேட்காமலே சொன்னேன். மின் மயானத்தில் எல்லோர் முன்னாலும் உன் கொள்கை உறுதியைப் பாராட்டிப் பேசினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். துக்கம் என்று நினைத்தேன்.

காந்தா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஓசூர் ரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடைப்பு இருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் உதட்டை அசைப்பதை நிறுத்திவிட்டாள்.

முப்பத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள். உயிர் போகுமோ இருக்குமோ என்ற நேரத்தில் எனக்குப் பயந்து சாமி பேரைப் பாதியில் விழுங்கினாள்.

தள்ளிக்கொண்டு வந்த ஷோபா என்கிற கன்னடப் பெண், "சார், இதுக்கு மேல பேடா, வர வேணாம், இங்கயே நில்லுங்க" என்று கதவைத் திறந்தாள். நான் குனிந்து காந்தாவின் காதில் "முருகா" என்றேன். எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. அவள் என் விரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைய ஆரம்பித்தது. கதவு சாத்திக்கொண்டது.

நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். காந்தாவுக்காக அழுகிறேன் என்று அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உன் ரத்தினம்மாளை நினைத்து அழுதேன். ஒரே ஒரு வார்த்தை, முனி. அதைச் சொல்லவிடாமல் உன்னைத் தடுத்தேன்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. காந்தாவைப் பிழைக்கவைத்தது டாக்டர். கடவுள் உண்டா என்று இன்றைக்குக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சாமி என்பது மனிதன் வளர்ந்ததும் விட்டுவிட வேண்டிய ஒன்று என்று நாலு பேர் முன்னால் இனி என்னால் பேச முடியாது. உன் கையிலிருந்து ஒன்றை வாங்கினேன். அந்த இடத்தில் நான் எதை வைத்தேன்? தங்கச்சி போன பிறகு உன் வீட்டுக்கு வந்து அரசியல்தான் பேசினேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?

போன வாரம் கிரண் ஒன்று சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம். "அப்பா தினமும் சாயங்காலம் இங்க இருக்கிற கோயில் வரைக்கும் நடந்து போறார் அங்கிள். வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்துடறார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார்" என்றான். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வாசலில் உன்னை நிறுத்தி வைத்திருப்பது நான்.

உள்ளே போ, முனி. கும்பிடு, கும்பிடாதே, உன் இஷ்டம். அவள் பேரைச் சொல்ல வேண்டுமானால் சொல். அழ வேண்டுமானால் அழு. என் முகம் நினைவுக்கு வந்தால் தள்ளிவிடு.

மார்கழியில் தங்கச்சிக்கு வருஷம் வருகிறது. இங்கே வந்து செய்ய உனக்கு மனமிருந்தால் எல்லா ஏற்பாட்டையும் நானும் காந்தாவும் பார்த்துக்கொள்கிறோம். அவளுடைய தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் அதிகம் பேசவில்லை, ஆனால் வருகிறேன் என்றார். அவள் போய்வந்த கோயிலுக்கு நாம் போகலாம். நீ உள்ளே போ, நான் வெளியே உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி. திரும்பி வந்ததும் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு நட. மாத்திரையைத் தவறவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். இதை யாரிடம் வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியாததால் உன்னிடமே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
சிவசங்கரன்