“நல்லா இருக்கேன்” என்பதை அளக்கப் போனவள்

என் சகாயம் அண்ணாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டு யாரும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் அதையே வேலையாகச் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

நீ அடம்பிடித்துப் படிக்கவைத்த நர்ஸ் வேலைதான், தஞ்சாவூரில்தான். போன வருஷம் எங்கள் டாக்டரம்மா கூப்பிட்டு, ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்கவேண்டும், நீங்கள்தான் வீடு வீடாகப் போகவேண்டும் என்றார். ஹீமோபிலியா. உன் நோய்தான். நம் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. “சகாயத்துக்குக் கால் வீங்கியிருக்கு” என்பார் அம்மா, அதோடு பேச்சு முடிந்தது.

ரத்தத்தை அளக்கலாம், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கலாம். ஒரு ஆள் வாழ்கிற வாழ்க்கையை எப்படி அளப்பார்கள்? எனக்கு உள்ளூர எரிச்சல்தான். பிறகு அவர்கள் கொடுத்த கேள்விகளைப் படித்தேன். ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தீர்களா? ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்களா? வீட்டாருக்குப் பாரமாக இருப்பதாக நினைத்தீர்களா?

அண்ணா, உன்னைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, உன்னிடம் கேட்கவேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். கூடவே வளர்ந்த எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியதா? மலைத்துப்போனேன்.

“இந்தப் பதில்களை வச்சுத்தான் மேலிடத்துல மருந்து கேக்கப்போறேன் சிஸ்டர். எப்பவும் ஸ்டாக் இருக்கணும்னா, கஷ்டத்தை அவங்க வாயால சொல்லணும்” என்றார் டாக்டரம்மா. உன் தலைக்குள் ரத்தம் கசிந்த அன்றைக்கு இல்லாமல்போன அதே மருந்துதான். சரி என்று கிளம்பினேன்.

நம்ம ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டுமா? திருவிடைமருதூரில் ஆரம்பித்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காபி. அப்புறம் எந்தக் கேள்வி கேட்டாலும், “நல்லா இருக்கோம்மா.” நோயாளியைக் கேட்டால் வீடே சேர்ந்து பதில் சொல்கிறது. தேடி வந்தவளிடம் குறை சொல்லி அனுப்பக் கூடாதாம். வாங்கி வந்த பதில்களைப் பார்த்துவிட்டு, “என்ன சிஸ்டர், உங்க பேஷன்ட் எல்லாரும் என்னைவிட நல்லா இருக்காங்களே!” என்றார் டாக்டரம்மா. சிரிப்பு வந்தது. மருந்து எப்படி வரும் என்று நினைத்ததும் அது அடங்கிவிட்டது.

உன் எஸ்.டி.டி. பூத் ஞாபகம் வந்தது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளிடம் அம்மாக்கள் கத்துவார்களே, “நல்லா இருக்கேன்ப்பா!” அந்தப் பக்கமும் அதே பதில். “கடல் தாண்டிப் போறதுல முக்கால்வாசி பொய்தான் லூர்து” என்று நீ கண்ணடிப்பாய்.

அதனால் என் வழியில் கேட்க ஆரம்பித்தேன். எழுதிக்கொடுத்த கேள்விக்கு முன்னால் சும்மா பேச்சுக் கொடுத்தேன். நடவு அன்னிக்கு எங்க இருந்தீங்க? வேளாங்கண்ணிக்கு நடந்து போனீங்களா? அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சீர்காழிப் பக்கத்தில் ஒருவர், நடக்க முடியாதென்று, யாத்திரைக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோகும் வேனில் வருஷாவருஷம் ஏறிவிடுகிறார். “சாம்பார் என் பொறுப்பு சிஸ்டர். அருவாமனையை மட்டும் எங்கிட்ட தரமாட்டாங்க.” கணுக்காலுக்குள் சுறுசுறுவென்று வந்தால் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம், ரத்தம் இறங்கப்போகிறதென்று. அப்போதும் யாரிடமும் சொல்லாமல் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருப்பாராம். இப்படி எத்தனை பேர், அண்ணா! வலியைச் சுற்றி இவ்வளவு பெரிய வாழ்க்கையைக் கட்டியிருக்கிறார்கள்.

நன்னிலம் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பெயர் எழுதக் கூடாது. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பம், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம். பையன் டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறார். அவரிடம் படித்தவர்கள் பெங்களூர் போய்விட்டார்கள், இவர் முட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடவைப் பற்றிக் கேட்டேன். சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சிஸ்டர், தங்கச்சிக்கு வரன் பேசிக்கிட்டிருக்காங்க. குடும்பத்துல வர்ற நோய்னு தெரிஞ்சா அவ வாழ்க்கை போச்சு. நல்லா இருக்கேன்னே எழுதிக்குங்க.”

என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் “சைக்கிள்ல விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலோடு நாள்பூராவும் சிரித்துக்கொண்டே பந்தி பார்த்தாயே, அதுதான் நினைவில் வந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று நன்னிலத்தில்தான் புரிந்தது, யாருக்காக அப்படிச் சொன்னாய் என்று. கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். “அதனால என்ன?” என்றார். அதைக் கேட்க நீ இல்லை.

“நானும் அப்படி ஒரு அண்ணனோட தங்கச்சிதான்” என்று வாயெடுப்பதற்குள், அந்தப் பெண் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

“உள்ளதைச் சொல்லுண்ணே. மருந்து இல்லாம நீ படுத்துக் கிடப்ப, நான் மாலையும் கழுத்துமா நிக்கணுமா? இதைக் கேட்டு ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்.”

அவர் முட்டிமேல் இருந்த துண்டை எடுத்தார். பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிய முட்டி. பேச ஆரம்பித்தவர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிறுத்தவில்லை. பயத்தைச் சொன்னார், பொறாமையைச் சொன்னார், பாரமாக இருப்பதைச் சொன்னார். தங்கை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நான் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன்.

மருந்து வருமா என்று இன்னும் தெரியாது. வரும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அண்ணா. இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடப் பிறந்தவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாப்பிள்ளையே வேண்டாமென்று பந்தியை விட்டு எழுந்து போயிருக்கக்கூடிய
உன் தங்கை,
லூர்து மேரி