தண்ணீர் குடிக்காமல் மனு கொடுத்தவள்

என் ஜெசிந்தா அக்கா,

நீ போய் எட்டு மாதமாகிறது. நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் கை முதலில் எழுதப் போகிறது. நீ இருந்தபோது அதை ஒழுங்காகக் கேட்டேனா?

இறால் கம்பெனி வேன் கவிழ்ந்து உன் முதுகெலும்பு முறிந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. போலியோ காலோடு பெரியபட்டினத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை, பாம்பனிலிருந்து சக்கர நாற்காலியில் தேடி வந்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் சேர்த்தவள் நீ.

உனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. எப்போது சிறுநீர் பிரிந்து உடை நனையும் என்று தெரியாது. ராமநாதபுரத்தில் நாம் மனு கொடுக்கப் போகும் அலுவலகத்தில் கழிப்பறைக்கு மூன்று படி. அதனால் முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவாய். "ஆம்பளைங்க சுவரோரமா ஒதுங்கிருவாக. நாம எங்கன போறது ரஹ்மத்து?" என்பாய்.

நம் கோரிக்கைத் தாளில் கழிப்பறை பற்றிய வரியை அடித்தது அதிகாரி இல்லை. நம் சங்கத் தலைவர் அண்ணன்தான். அவருக்கும் ஒரு கால் கிடையாது. "மேடையில இதையெல்லாமா பேசுறது? அசிங்கமா இருக்குல்ல. மொதல்ல உதவித்தொகையக் கேப்போம்." நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன். ஏன் அக்கா குனிந்தேன்?

சிறுநீரகத்தில் கிருமி ஏறி இரத்தத்தில் கலந்த பிறகுதான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இத்தனை நாளா தண்ணியே குடிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். உனக்கு நினைவு தப்பியிருந்தது. "குடிச்சா எங்கன போவாக சார்?" என்று நான்தான் சொன்னேன்.

இரங்கல் கூட்டத்தில் அண்ணன் உன்னை வீரமங்கை என்றார். பெரிய மாலை. நான் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். "அக்கா நோயில சாகல. நாம அடிச்ச அந்த ஒத்த வரியில செத்துச்சு."

இப்போது அந்த அலுவலகத்தில் சாய்தளம், கைப்பிடியோடு கழிப்பறை கட்டிவிட்டார்கள். ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தார்கள். போன வாரம் போனேன், பூட்டிக் கிடந்தது. "யாரும் வர்றதில்லம்மா. ஒடஞ்ச நாற்காலியப் போட்டு வச்சிருக்கோம்" என்றார் காவலாளி. நான் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் அதிகாரி வந்து திறக்கச் சொன்னார். நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். குழாயைத் திருகினேன், தண்ணீர் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அடுத்த மனுவை எழுதினேன்.

சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறேன் அக்கா. தெரிந்ததும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. என் காக்காவிடம், "தங்கச்சியக் கொஞ்சம் அடக்கி வைங்க பாய்" என்றார். கூடப்பிறந்தவன் என்ன சொல்வானோ என்று நான் காத்திருக்கவில்லை. "எங்கிட்டப் பேசுங்கண்ணே. நிக்கிறது நான்தான்" என்றேன்.

ஜெயிப்பேனா தெரியாது. நம் பெண்களில் பாதிப் பேரை ஓட்டுப் போட வீட்டில் அனுப்பமாட்டார்கள். முதுகுளத்தூர் தொடங்கி தேவிபட்டினம் வரை ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன். அவர்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத தங்கை,
ரஹ்மத்