ஒரே கேள்வி, தனித்தனியாக

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பா சோற்றைக் குழைய விட்டுவிட்டு, வேண்டுமென்றேதான் வைத்தேன் என்கிறார்.

போன் வேலை செய்யாத இடத்திலிருந்து, நீங்கள் ஆராயும் தீவுமொழிகளைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்த இரண்டு தீவுகள். நாம் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். முதல் தீவிலோ, பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வந்து, செய்தது இவர்தான் என்று காட்டுகிறது. பக்கத்துத் தீவில் அந்தச் சொல்லே இல்லை. எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதை வைத்தே புரிந்துகொள்கிறார்கள். பிரிந்தபின் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறிவிட்டது என்றீர்கள். நீங்களும் அப்பாவும் அப்படி ஆகிவிடுவீர்களோ?

போன புதிதில் தீவுக்காரர்களிடம் நீங்கள் செய்ததைப் போலவே நானும் ஒரே கேள்வியை அத்தையிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நம் வீட்டில் என்ன நடந்தது?

"உங்கம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றார் அத்தை. அப்பா செய்தித்தாளை மடித்து, மறுபடி விரித்து, "வேலை வந்துச்சு, போனா" என்றார்.

இன்னும் ஓராண்டு அங்கேயே இருப்பீர்கள் என்றும் அத்தை சொல்கிறார். உண்மையா? பதில் வரும்வரை எனக்குப் பாடம் ஏறாது.

உங்கள்
புத்தகப்புழு

ஜூன் 19

என் புத்தகப்புழுவுக்கு,

இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்லி எனக்கு வேலை கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வந்ததும் உண்மை, வேலை வந்ததும் உண்மை.

நீ செய்த தவறை வந்த புதிதில் நானும் செய்தேன். முதல் தீவில் ஒரு படகோட்டியையும் அவர் மனைவியையும், யார் யாருக்கு மீன் கொடுத்தது என்று தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் பரீட்சை எழுதுவதுபோல் பேசினார்கள். ஒருநாள் ஒன்றாக உட்கார வைத்தேன். "மீன நாந்தான் குடுத்தேன்" என்று அவர் ஆரம்பிக்க, "குடுத்தாராம். நானே எடுத்துக்கிட்டேன்" என்று அவள் குறுக்கே விழுந்தாள். அந்தச் சின்னச் சொல் எங்கே வருகிறது, எங்கே நழுவுகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் பிடிபட்டது. இப்போது நான் யாரையும் தனியாகக் கேட்பதில்லை.

அடுத்த மாதம் விடுப்பில் வருகிறேன். எங்களை எதிரெதிரே உட்கார வைத்து அதே கேள்வியைக் கேள். அதன்பிறகுதான் இவர்களுக்குப் பதில் சொல்வேன்.

அன்புடன்
அம்மா

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையே. கேட்டு முடித்ததும் அவர் மாடியில் கால் ஆடிக்கொண்டு கிடந்த உங்கள் நாற்காலியைத் தூக்கி வந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.

"நான் வாயத் திறந்தாலே நடுவுல பேசுவா" என்றார்.

நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"பேசட்டும்" என்றார்.

உங்கள்
புத்தகப்புழு