நாற்பத்தெட்டுக் கிலோவில் தோற்றேன்

அப்பா,

பாக்ஸிங் கிளவுஸ் பையைத் திறந்தால் வாழைப்பழ வாசனைதான் முதலில் வருகிறது. வியர்வை நாற்றம்கூட அதற்குப் பின்னால்தான். எடை பார்க்கும் நாள் என்றதும் அம்மா பழைய பழக்கத்தில் பையில் பழம் வைத்துவிட்டாள். நான் அதைத் தொடவேயில்லை. அது உள்ளேயே நசுங்கிக் கறுத்து, கிளவுஸின் கட்டைவிரல் மடிப்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தபோது உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயால் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்று உனக்குத் தெரியும்.

போட்டி நாள் காலையில் நீ பழம் உரித்துக் கொடுக்கும் வேகத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. "இன்னும் ஒண்ணு பாப்பா. தண்ணி குடி. இன்னொரு மடக்கு." எடை மிஷினில் ஏறும்போது என் வயிறு குடம்போல் தளும்பும். சுற்றிலும் மற்றப் பெண்கள் முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடந்து, உதடு காய்ந்து, எடையைக் குறைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். நான் ஒருத்தி மட்டும் மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பேன். "வெயிட்டு கீதுன்னா பலம் கீது" என்பாய். நானும் நம்பினேன். ஐம்பது கிலோ பிரிவில் என் பெயர் இருக்கும், எதிரில் யாராவது புதிதாக வந்த பெண் இருப்பாள், நான் ஜெயிப்பேன். நீ மெடலை என் கழுத்திலிருந்து கழற்றி உன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய்.

மேனாம்பேட்டில் நம் தெருமுனை சலூனில் தோற்றதே இல்லாத அந்த வெளிநாட்டு பாக்ஸரை வைத்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கும் வாய்ச்சண்டை உனக்கு நினைவிருக்கும். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட அதற்கு வருகிறவர்கள்தான் அதிகம். சாப்பாட்டுக்கு உன்னைக் கூப்பிட அம்மா என்னை அனுப்புவாள். உள்ளே வர வெட்கப்பட்டு நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பேன். அதனால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

"ஒரு சண்டகூட தோக்கல மாமே, அவன் சாம்பியனா இல்லியா?" இது நீ.

"யார்கூட போட்டான், அத்த சொல்லு மொதல்ல." இது ஆட்டோ மாமா. "நல்லா அடிக்கறவன் வந்து கூப்ட்டா, கை வலி, கால் வலி, அடுத்த வர்சம் பாக்கலாம்ன்றான். அந்தாளுக்கு வயசாயி மூச்சு வாங்க ஆரம்ச்சப்றம், வா போட்லாம்ன்றான். இது ஒரு பொழப்பா?"

"பெல்ட்டு அவனாண்ட கீது. அவன் இன்னாத்துக்கு ரிஸ்க் எடுக்கணும்? ஒரு தபா தோத்தா அவன் மவுசு பாதியாயிடும்."

"அப்டி ஆள் பாத்து ஆள் பாத்து அடிச்சா நான்கூடத்தான் தோக்க மாட்டேன்."

"நீயா? ஊட்ல டெய்லி தோத்துக்கினுதான கீற!"

கத்திரியை நிறுத்திவிட்டு சலூன்கார மாமாவே சிரிப்பார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருப்பவரும் தன் கட்சி எது என்று சொல்வார். அந்தக் கூட்டத்தில் தோற்காதவன் பக்கம் கடைசிவரை நின்றவன் நீ ஒருவன்தான். "தோக்காதவன் தோக்காதவன்தான். எதிர்ல எவன் நின்னான்னு ரெண்டு வர்சம் கழிச்சு எவனும் கேக்க மாட்டான்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஒரு கன்னத்தில் நுரை இருந்தது, மற்றொன்று சிரைத்து முடிந்திருந்தது. ஆட்டோ மாமா சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். "அண்ணாத்த அப்டித்தான் பேசுவாரு. அவரு பொண்ணு மட்டும் இன்னா? நல்லா அடிக்கற அந்தக் கொரட்டூர் பொண்ணு நாப்பத்தெட்டுல பேர் குட்த்தா இவருதுக்கு வெயிட்டு ஏறிடுது. அது அம்பதுக்கு வந்தா இவருது எளைச்சிப் பூடுது. டயட்டே கொரட்டூர்லர்ந்துதான் வருது போல!"

சலூன் முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே எழுந்து வெளியே வந்தாய். "அண்ணாத்தே, மூஞ்சி பாதி கீது!" என்று சலூன்கார மாமா சவரக்கத்தியோடு வாசல்வரை ஓடி வந்தார். நீ திரும்பவில்லை. பாதி நுரையோடு நீ முன்னால் நடக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். தெருவே பார்த்தது. எனக்கு அப்போதுதான் பழங்களின் கணக்கு புரிந்தது. வீட்டில் குழாயடியில் முகம் கழுவிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது கேட்பேன் என்று நினைத்திருப்பாய். நான் யாரிடம் என்ன கேட்டிருக்கிறேன்?

அதற்கப்புறம் நீ அந்தச் சலூனுக்குப் போகவில்லை. போன ஐப்பசியில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாலையைப் போட்டுவிட்டு என்னைக் காட்டிப் பேசினார்கள். "இதான் அவரு பொண்ணு. பாக்ஸிங். இதுவரைக்கும் தோத்ததே கெடையாது." ஆட்டோ மாமாவும் அதையேதான் சொன்னார், அழுதுகொண்டே. நீ விட்டுப்போன சொத்து அந்த ஒரு வார்த்தைதான் என்பதுபோல் இருந்தது. அதை உடைக்கக்கூடாதே என்று மாதக்கணக்கில் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காமல் இருந்தேன்.

கடைசியில் பயிற்சியில் மாஸ்டரே கேட்டார். "பேர் குடுக்கணும். எந்த வெயிட்டு?"

"நாப்பத்தெட்டு." என் உண்மையான எடை அதுதான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொரட்டூர் பொண்ணு அதுலதான் இருக்கு, தெரியும்ல? உங்கப்பா இருந்தா ஒத்துக்க மாட்டாரு." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "ரெக்கார்டுக்காகன்னு நெனச்சுக்காத. நான் அவரக் கேட்டேன், ஏன்யா இப்டிப் பயப்படறன்னு. 'ஸ்கூல ஒரே நாள்ல உட்டவ மாஸ்டர் அவ. இங்கயும் ஒரு தபா அசிங்கமாச்சுன்னா இத்தயும் உட்ருவா. அப்றம் ரூம உட்டு வெளிய வர மாட்டா'ன்னாரு."

ஒன்பதாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிச் செய்தி வாசிக்கச் சொன்னதும், குரல் வராமல் நின்றதும், மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்ததும், மறுநாள் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததும் உனக்குள் அப்படியே தங்கியிருந்திருக்கிறது. இத்தனை நாள் சலூனில் நீ கட்சி கட்டியது எந்த சாம்பியனுக்காக என்று அப்போது புரிந்தது. அதோடு பயமும் வந்தது. நீ நினைத்தது சரியாக இருந்துவிட்டால்? தோற்ற மறுநாள் நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்? அடி வாங்குவதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உனக்கு ஒளிக்க வேண்டியதில்லை, நன்றாக வாங்கினேன். அவள் இடது கை எங்கிருந்து வருகிறது என்று முதல் ரவுண்டு முழுக்கத் தெரியவில்லை. மூக்கில் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டாவது ரவுண்டில் நானும் இரண்டு நல்ல அடி கொடுத்தேன், ஒன்றில் அவள் தலையே பின்னால் போனது. மூன்றாவதில் என் காலில் பலமில்லை. நடுவர் அவள் கையைத்தான் தூக்கினார்.

கிளவுஸைக் கழற்றுவதற்கு முன்பே அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏய், எப்பப் பாரு உன் பேரு வேற வெயிட்டுலயே இருக்கும். எவ்ளோ நாளா உன்னத் தேடிக்கினு இருந்தேன் தெரியுமா? எங்கடி போன?"

எங்கே என்று சொல்வது! மூக்கில் பஞ்சோடு நான் சிரித்துவிட்டேன். கூட்டத்துக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க, சத்தமாக. இடுப்பில் கட்டியிருந்த ஏதோ கல்லை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

சாயந்திரம் சலூனைத் தாண்டும்போது சேதி எனக்கு முன்பே அங்கு வந்துவிட்டிருந்தது. "இன்னாம்மா, தோத்துட்டியாமே?" என்றார் சலூன்கார மாமா.

"ஆமா மாமா."

ஆட்டோ மாமா எட்டிப் பார்த்தார். "யாராண்ட? கொரட்டூர் பொண்ணாண்டயா?"

"ஆமா."

அவர் என் வீங்கின மூக்கைப் பார்த்தார். "அப்ப சரி," என்றார். அவ்வளவுதான். நீ அங்கே இருந்திருந்தால் அவரோடு மறுபடி சண்டைக்குப் போயிருப்பாய்.

திங்கட்கிழமை கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தேன். அம்மா சமையல் பண்ணுகிற மாதிரி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய் போல. நானும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய வெட்கம் வரும், போர்வையை இழுக்கச் சொல்லும் என்று காத்திருந்தேன். மூக்கு வலித்தது. பசித்தது. வேறெதுவும் வரவில்லை. எழுந்து பையை எடுத்ததும் அம்மா அடுப்புப் பக்கம் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

பயிற்சிக்குப் போனதும் மாஸ்டர் என் கையைத்தான் பார்த்தார். "வலது கைய கன்னத்துலர்ந்து கீழ உட்ற, அதான் வாங்கின," என்றார். ஒரு மணி நேரம் அதை மட்டும் செய்ய வைத்தார்.

தோற்காதவள் என்ற பேரை நாற்பத்தெட்டுக் கிலோவில் இறக்கி வைத்துவிட்டேன் அப்பா. நீ எனக்காகப் பட்ட பயத்தை மட்டும் விடவில்லை. என்னை அவ்வளவு கவனித்துப் பயந்தவர்கள் வேறு யாருமில்லை. ஆனால் அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன், நீ சுமக்க வேண்டாம். நீ பயந்த நாள் வந்து போய்விட்டது. அதற்கு மறுநாளும் வந்தது. நான் போனேன்.

உன்
பாப்பா