மருந்தடிக்காத அவரை

நவம்பர் 18, திங்கள்

அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டது. கொழுந்திலும் பூக்காம்பிலும் எள்ளை ஒட்டவைத்தது போல் கறுப்பாக அப்பிக் கிடக்கிறது. “கையால நசுக்குங்க” என்றாள் என் மனைவி மேகலா. தோல் பதனிடும் ஷாப்பில் வருஷக்கணக்காக ஈரத்தோல் புரட்டிய கை எனக்கு. பூச்சியோடு கொழுந்தும் போனது. “பூச்சியவிட நீங்க ஜாஸ்தி சேதம் பண்றீங்க.”

மருந்தடித்தால் ஒரே நாளில் தீரும். எங்கள் வீட்டில் அடிக்க முடியாது. அவளும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

துணி சோப்புத்தூளைக் கரைத்து உச்சி வெயிலில் அடித்தேன். சாயங்காலத்துக்குள் இலையெல்லாம் கருகிவிட்டது. அசுவினி குளித்துவிட்டுத் தெம்பாக இருக்கிறது. எட்டாம் கிளாஸ் சயின்ஸில் பெயிலானவன் வேறென்ன செய்வான்?

மகள் பூங்குழலி சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதுதான் முதல் தடவை. இதற்காக இன்னொரு பந்தலையும் கருக்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

பக்கத்து வீட்டு அஹமது பாஷா ஒரு பாட்டிலோடு வந்தான். “இன்னாத்துக்கு தோஸ்த் இந்த பேஜாரு? வாலாஜாபேட்டைல என் மச்சான் கத்தரிக்கு அடிச்சான், பாதி மிச்சம். ஒரே அடி, காலி!”

அவனுக்குத் தெரியாது. தெருவுக்கு நாங்கள் சொன்னது மஞ்சள் காமாலை. ஆகஸ்டில் என் மகள் குடித்தது இதே மாதிரி ஒரு பாட்டிலை. இதே பச்சை மூடி.

மூடியைத் திறக்கவே இல்லை. ஆனாலும் வாசனை வந்தது. குழம்பு அடிபிடித்தாலே தெரியாத மூக்கு என்னுடையது, தோல் ஷாப்பிலேயே செத்துப்போனது. இந்த ஒரு வாசனைக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. தலையணையில் வருகிறது, பஸ்ஸில் வருகிறது, சோற்றில் வருகிறது.

பாட்டிலை அவன் கையிலேயே திணித்தேன். “எனக்கு ஒத்துக்காது பாய். அலர்ஜி.”

“நீ எதுக்குய்யா குடிக்கப் போற? செடிதானே குடிக்கும்!” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் போன பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பாத்ரூம் தாழ்ப்பாளைத்தான் அப்போதே கழற்றிவிட்டேனே. அப்படியும் அவள் உள்ளே போனால் எனக்கு வெளியே வேலை ஓடுவதில்லை. “பாப்பா, சோப்பு இருக்கா?” “இருக்கு ப்பா.” நேற்றும் அதே கேள்வி, முந்தாநாளும். சோப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் அப்பன் ஆம்பூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான்.

ஏன்மா அப்படிச் செஞ்சே — அதை மட்டும் கேட்டதில்லை. நோண்டக் கூடாது, அவளாகச் சொல்வாள் என்றார் டாக்டரம்மா. சொல்வாளா?

டிசம்பர் 4, புதன்

வேப்பெண்ணெயில் காதி சோப்பைக் கரைத்து, இந்த முறை வெயில் தாழ்ந்த பிறகு அடித்தேன். பூச்சி கொஞ்சம் கம்மி. இலைக்கடியில் புதிதாக ஒரு ஜந்து வந்திருக்கிறது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, பார்க்க முதலைக்குட்டி மாதிரி. கண்ணில் பட்டதையெல்லாம் நசுக்கினேன். பெரிய வீரன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பூங்குழலி தானாகப் பந்தலுக்கு வந்தாள். என் கையைப் பார்த்துக் கத்தினாள். “இன்னா ப்பா பண்ற! அது பொறிவண்டோட குஞ்சு. அசுவினியத் தின்னத்தான் வருது. காவலுக்கு வந்ததப் போய்க் கொல்றியே!” போனில் படம் காட்டினாள். அதேதான். முதலைக்குட்டி வளர்ந்தால் சிவப்பு வண்டு.

“எப்பப் பாரு கைய வெச்சிக்கினே இருந்தா எப்படிப்பா? கொஞ்ச நாள் சும்மா விடேன்.”

செடியைத்தான் சொன்னாள். செடியைத்தானா?

டிசம்பர் 14, சனி

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இதைவிட ஈரத்தோல் தூக்குவது சுலபம்.

டிசம்பர் 22, ஞாயிறு

பந்தலில் சிவப்பு வண்டுகள். புதுக் கொழுந்து சுத்தமாக இருக்கிறது.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “பொங்கல் கழிச்சு மறுபடியும் வேலைக்கு கம்பெனி பஸ் ஏறலாம்னு இருக்கேன்.” மேகலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. “அப்புறம்… பாத்ரூமுக்குத் தாழ்ப்பா போடுப்பா.”

“ஸ்க்ரூ எங்கயோ போய்ட்டுதும்மா” என்றேன்.

எங்கேயும் போகவில்லை. ஆகஸ்டிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணல்.

அவள் உள்ளே போனாள். தாழ் விழுந்தது. நான் பந்தலுக்கடியில் போய் நின்றேன். அந்த வாசனை வந்தது. வரட்டும் என்று இலைகளையே பார்த்தேன். ஒரு வண்டு காம்பில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல்.

“ப்பா… சோப்பு இருக்கு.”