பூட்டிய அலமாரியும் முப்பத்தொரு பிள்ளைகளும்

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்றைய வேட்டை: சூயிங்கம் இரண்டு, புளிப்பு மிட்டாய் ஐந்து, பாதி தின்ற சாக்லேட் ஒன்று. எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயின. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குப் ‘பூட்டு மிஸ்’ என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாளை புதிதாக ஒரு பெண் சேர்கிறாள். ஒன்பது வயது, சர்க்கரை நோய். “இந்த வயசுலயா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். “அவ உடம்புல இன்சுலின் சுரக்கல. அதுக்கு வயசெல்லாம் கிடையாதுங்க,” என்றார் தலைமையாசிரியை. “உங்க வகுப்புலதான் போட்டிருக்கேன். நீங்கதான் எதையும் ஒழுங்கா வெச்சிருப்பீங்க.” புகழ்ந்தாரா, என் தலையில் கட்டினாரா? இரண்டும்தான்.

செப்டம்பர் 4, புதன்

வந்துவிட்டாள். இரட்டைச்சடை, ஓயாத வாய். கூடவே அம்மா. அம்மாவுக்குப் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடும் வேலை. சொல்லாமலே தெரிந்திருக்கும் - மகளுக்கும் ஓர் அட்டவணை தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறார். 10.40க்கு விரலில் குத்தி அளவு பார்க்க வேண்டும். 12.25க்கு ஊசி. சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் உடனே பழச்சாறு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம் ஆகியவை அடையாளங்கள். காரணமில்லாத கோபம் எனக்கே வாரத்தில் ஐந்து நாள் வருகிறது.

ஒரு டப்பா நிறையப் பழச்சாறு கொடுத்து, “கைக்கெட்டுற இடத்துல வைங்க மிஸ்,” என்றார். அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். என் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? வெளியே வைத்தால் அடுத்த மணி அடிப்பதற்குள் டப்பா காலியாகிவிடும்.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஊசியை இரட்டைச்சடையே போட்டுக்கொள்கிறாள். மருந்தளவைச் சரிபார்ப்பதும் பக்கத்தில் நிற்பதும்தான் என் வேலை. சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள், வயிற்றில் குத்தினாள், பத்து எண்ணினாள். எனக்குத்தான் கண்ணைக் கட்டியது. “மிஸ், நீங்க வேணா உட்காருங்க,” என்றாள். உட்கார்ந்தேன்.

வீட்டில் சொன்னபோது என்னவர் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று மதியம் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். புதன்கிழமையோடு அவருடைய விடுப்பு முடிகிறதாம். அதற்குமேல் கிடையாது, வியாழக்கிழமை போகவில்லையென்றால் வேலை போய்விடும். “பதினோரு வருஷ வேலை மிஸ். பிடிச்ச வேலை. ஆனா இவளை விட்டுட்டு எப்படிப் போறது?” என்றார். முந்தைய பள்ளியில் ஒருமுறை இவள் மயங்கி விழும்வரை யாரும் கவனிக்கவில்லையாம்.

“நான் இருக்கேன்ல, தைரியமா போங்க,” என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் ஒழுங்கு ஊரறிந்தது அல்லவா.

செப்டம்பர் 18, புதன்

இரண்டு வாரத்தில் மூன்று முறை சர்க்கரை இறங்கியது. மூன்று முறையும் அம்மாவே ஓடி வந்து தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். நாளை முதல் என் முறை.

செப்டம்பர் 19, வியாழன்

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்மா வேலைக்குப் போன முதல் நாள். பதினொன்றரைக்கு ஒரு கையெழுத்துக்காக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்தே நிமிடம். அங்கே நிற்கும்போது என் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்: “மிஸ், அவளுக்குக் கை நடுங்குது, அலமாரி திறக்கல!”

சாவி என் இடுப்பில். ஐயோ, கைக்கெட்டுற இடத்துல வைங்கன்னு எத்தனை தடவை சொன்னாங்க! நான் ஏன் பூட்டினேன்? யாருக்காகப் பூட்டினேன்? இருபது வருடத்தில் நான் பள்ளியில் ஓடியதில்லை. இன்று ஓடினேன்.

போய்ப் பார்த்தால் இரட்டைச்சடையின் மேசைமேல் மிட்டாய் மலை. வகுப்புத் தலைவி, நான் கைகாட்டிப் பெருமைப்படுகிற அந்த ஒழுக்கசீலி, எழுந்து நின்று கத்தினாளாம்: “யார்கிட்ட மிட்டாய் இருக்கோ எல்லாத்தையும் எடுங்க! மிஸ்கிட்ட சொல்ல மாட்டேன்!” பென்சில் டப்பாவிலிருந்து, காலுறையிலிருந்து, ஒருத்தி தன் சடைக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறாள். தலைவியின் பங்கு மட்டும் ஏழு.

முகம் வெளுத்து, வியர்த்து உட்கார்ந்திருந்தாள் இரட்டைச்சடை. அந்த நிலையிலும் காய்கறி பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “சாக்லேட் வேணாம், அது லேட்டா வேலை செய்யும். ஜெல்லி மிட்டாய் குடுங்க.” நாலு மென்று விழுங்கியிருந்தாள். அளவு 58. வாழ்நாளில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. மறுபடி பார்த்தோம்: 84. முப்பது பேரும் கைதட்டினார்கள். நான் மூக்கைச் சிந்தினேன், சளி என்று சொல்லி.

பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது, எதிரே நிற்பது பூட்டு மிஸ் என்று. மீதி மிட்டாய்களை நாலைந்து கைகள் அவசரமாக மூடி மறைத்தன. “இன்னைக்கு நான் எதையும் பாக்கல,” என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அவளுக்குக் குடுக்கறதுக்காகன்னா தினமும் வெச்சுக்கலாமா மிஸ்?” எத்தனை பெரிய மனசு!

சாயங்காலம் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன், பூட்டியதையும் சேர்த்து. “நாளைக்கு நானே வந்து உட்கார்ந்துக்கறேன் மிஸ்,” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் வேலை என்னால் போகப்போகிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் முதல் வேலையாக ஆசாரியைக் கூப்பிட்டு அலமாரிப் பூட்டைக் கழற்றச் சொன்னேன். பழச்சாறு டப்பா என் மேசைமேல், மூடியில்லாமல். முப்பத்தொரு பேரிடமும் சொன்னேன்: “நேத்து தப்பு பண்ணது நான். நீங்க இல்ல.” இதைச் சொல்ல இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிறகு ஒத்திகை. நான் வெளியே போய்விட்டதாகப் பாவனை. யார் டப்பாவை எடுப்பது, யார் பக்கத்திலேயே இருப்பது, யார் ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூப்பிடுவது. நோயாளியாக நடிக்க இரட்டைச்சடைக்குப் போட்டியாகப் பதினைந்து பேர். ஒருவன் அநியாயத்துக்குத் துடித்தான். “அடேய், இது பாம்புக்கடி இல்லடா,” என்று அவளே திருத்தினாள்.

அம்மா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஒத்திகையில் டப்பா அவள் கைக்கு வர ஒன்பது நொடி ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறார். “நான் பையைத் திறக்கவே இதுக்கு மேல ஆகும் மிஸ்,” என்றார். பிறகு, “பத்தரை வண்டியைப் பிடிச்சா அரை நாளாவது வேலை பார்க்கலாம்.” போய்விட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், ஆனால் போனார்.

செப்டம்பர் 27, வெள்ளி

இந்த வாரம் இரண்டு முறை இறங்கியது. இரண்டு முறையும் நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டப்பா அவளிடம் போய்விட்டது. எனக்கு இனி என்ன வேலை?

அக்டோபர் 10, வியாழன்

கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளைக் கொடுத்த மறு நிமிடம் இரட்டைச்சடை கையைத் தூக்கினாள்: “மிஸ், சர்க்கரை இறங்குது.” முகத்தில் வியர்வை இல்லை, கையில் நடுக்கம் இல்லை, கண்ணில் மட்டும் ஒரு கள்ளம். சந்தேகப்படக் கூடாதென்று உடனே விரலைக் குத்திப் பார்த்தோம். 121.

பிடித்தேன் ஒரு பிடி. பொய் சொன்னால் நிஜமாக இறங்கும்போது யார் நம்புவது என்று கேட்டு, இடைவேளையில் உட்கார்ந்து பரீட்சை எழுத வைத்தேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினாள். எல்லாப் பிள்ளைகளையும்போல அவளும் திட்டு வாங்கியதில் எனக்குள் ஒரே கும்மாளம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் கோள் சொல்ல மதியம் ஃபோன் செய்தேன். பின்னால் யாரோ வண்டி நேரங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவசரமா மிஸ்?” என்றார். “இல்லன்னா சாயங்காலம் பேசலாமா? கொஞ்சம் வேலையா இருக்கேன்.”