உச்சியிலிருந்து இறங்கிய விடியல்

சென்னை
7.1.1974

பிரியமுள்ள செல்விக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். நீயும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

கிடைத்துவிட்டது, செல்வி! மூன்று வருடம் கம்பெனிக்கு விளக்குப் பெட்டி தூக்கியவனை நம்பி ஒரு முழு நாடகத்தின் லைட்டிங்கையும் கொடுத்துவிட்டார்கள். மலையடிவாரத்துக் கதை. தொடக்கமே விடியற்காலைதான். நாலு நிமிஷம் வசனமே கிடையாது, என் வெளிச்சம் மட்டும்!

நேற்று ஒத்திகையில் மானம் போனது. நான் பாட்டுக்கு, திரையில் வரைந்த மலையின் உச்சியில் முதலில் வெளிச்சம் விட்டு மெதுவாகக் கீழே இறக்கினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "சூரியன் என்னய்யா, பரண்லேருந்தா இறங்கும்?" என்றார் டைரக்டர். அவர் கடற்கரையில் விடியல் பார்த்தவர். நம் போடியில் வெளிச்சம் மலையிலிருந்து இறங்கத்தானே செய்யும்? எனக்கே இப்போது சந்தேகம். பார்த்து எழுது.

26ஆம் தேதி அரங்கேற்றம். அது சரிப்படாவிட்டால் மாமாவுக்குக் கொடுத்த வாக்குப்படி அவருடைய ஏலக்காய்க் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவேன். நினைத்தாலே தும்மல் வருகிறது.

உன்,
ஜேசுராஜ்

போடி
13.1.1974

அன்புள்ள அத்தானுக்கு, ஞானசெல்வி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

மார்கழிப் பனியில் பெண்டாட்டியை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டீர்கள்! மூன்று நாள் அப்பாவின் கடிகாரத்தோடு நின்றேன். இறங்கத்தான் செய்கிறது. சூரியன் தலைகாட்டும் முன்பே மேற்கு மலை உச்சி சிவக்கிறது. அப்புறம் பாறை, காடு, தென்னந்தோப்பு, கடைசியில்தான் நம் தெரு. பதினாறு நிமிஷம். சிவப்பு கீழே வரை வருவதில்லை, பாதி வழியிலேயே மஞ்சளாகிவிடுகிறது. டைரக்டருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அப்பா கேட்டார்: "லைட்டுப் போடுறதுல என்னத்தா சந்தேகம்? சுவிச்சத் தட்டுனா எரியுது. மாப்பிள்ளை எப்ப வாராகன்னு கேளு."

எனக்குக் கோபம் இருக்கிறது, அத்தான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாம் சேர்ந்திருந்தது நாற்பது நாள். நீங்கள் ஜெயித்தால் அங்கேயே இருப்பீர்கள், தோற்றால் வாடிய முகத்தோடு இங்கே வருவீர்கள். நான் எதற்கென்று ஜெபிப்பது?

உங்கள்,
செல்வி

சென்னை
27.1.1974

ஏ செல்வி!

கைதட்டல்! மேடையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, வெளிச்சம் தோப்புக்கு வந்ததும் கொட்டகை முழுக்கக் கைதட்டல். முதல் வசனம் பேச வேண்டிய நடிகர் அதை விழுங்கிக்கொண்டு நின்றார், இன்னும் என்னோடு பேசவில்லை. உன் கடிதத்தைக் கேட்டு டைரக்டர் ஒத்துக்கொண்டார், உன் சிவப்பையும் மஞ்சளையும் அப்படியே வைத்தேன். பதினாறை நாலாகச் சுருக்கியது மட்டும் என் வேலை. கம்பெனி என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரைத் திருப்பினேன். திருவல்லிக்கேணியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். வருவாயா?

ஜேசு

போடி
1.2.1974

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைக் கடையில் சத்தமாக வாசித்தேன், எதிர்வீட்டுச் சுவரை மட்டும் விட்டுவிட்டேன். "கைதட்டுனாகளா?" என்று அப்பா மூன்று தடவை கேட்டார். பிறகு, "அப்ப கடைக்கு வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் டிரங்குப் பெட்டியை அவரே இறக்கிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதுரையில் ரயில் ஏறுகிறேன். நாடகம் பார்க்க முன்வரிசைச் சீட்டு எனக்கு வேண்டாம். விளக்குகளோடு நீங்கள் நிற்கிற இடத்தில் இன்னொரு ஆளும் நிற்கலாமா என்று கேட்டு வையுங்கள்.

செல்வி